மன்னிப்புக்குப் பின்னும் நிற்கும் மதில்

பழங்கதை ஒன்று புதிய மேடையில் ஏறும்போது, அதைச் சொல்லும் காலமும் உடன் ஏறிவிடுகிறது. 'ஜிசெல்' என்னும் நாட்டிய நாடகத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

1841 ஜூன் 28ஆம் நாள் பாரிஸ் ஓபரா அரங்கில் அது முதன்முதலாக அரங்கேறியது. கதையமைப்பில் கவிஞர் தெயோபில் கொத்தியேவுக்கும், இசையில் அடால்ப் ஆடமுக்கும் பங்கு உண்டு. திராட்சை அறுவடைக் கிராமத்து ஏழைப்பெண் ஜிசெல். எளியவன்போல் வேடமிட்டு வந்த ஆல்பிரெக்ட் என்னும் பிரபுவை நம்புகிறாள். அவனுக்கு ஏற்கெனவே மண ஒப்பந்தம் ஆகியிருப்பதை அறிந்ததும் நெஞ்சுடைந்து இறக்கிறாள். திருமணத்திற்கு முன்பே மடிந்த கன்னியரின் ஆவிகள், கைக்குக் கிடைத்த ஆடவரைச் சாகும்வரை ஆடவைத்துப் பழிவாங்குகின்றன. ஜிசெல்லோ ஆல்பிரெக்டை மன்னித்து, விடியும்வரை காத்து, உயிர்பிழைக்கச் செய்கிறாள்.

ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்குப் பின், 2016 செப்டம்பரில், அக்ரம் கான் இக்கதையை இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் புதிதாக மேடையேற்றினார். வங்கதேசப் பெற்றோருக்கு 1974இல் லண்டனில் பிறந்தவர், கதக் பயின்றவர். அவருடைய ஜிசெல், மூடப்பட்ட ஆடையாலையிலிருந்து துரத்தப்பட்ட புலம்பெயர் தொழிலாளி. ஏழைகளையும் செல்வர்களையும் மாபெரும் மதில் ஒன்று பிரிக்கிறது. இரண்டாம் பகுதியின் ஆவிகள், ஆலையில் உழைத்து மடிந்த பெண்கள். கைகளில் நீண்ட கோல்களுடன் அவர்கள் நிற்கிறார்கள். 2013இல் டாக்கா அருகே ராணா பிளாசா இடிந்து, ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டது நம் நினைவுக்கு வராமல் போகாது.

ஆடையாலை என்றவுடன் வேடசந்தூர் வட்டாரத்தாராகிய நமக்கு இது அயல்நாட்டுக் கதையாகத் தோன்றுவதில்லை. ஷிப்டு முடிந்து மில் வண்டியில் திரும்பும் நம் பெண்மக்களை நாம் அன்றாடம் காண்கிறோம். மூன்றாண்டு உழைத்தால் மணச்செலவுக்கு மொத்தத் தொகை என்று ஆசைகாட்டிய 'சுமங்கலித் திட்டம்' இப்பகுதி நூற்பாலைகளையும் தொட்டுச் சென்றது. மணத்தின் பெயரால் தரப்பட்ட வாக்குறுதி எத்தனை பேருக்கு ஏமாற்றமாயிற்று! 2021இல் இவ்வட்டார ஆடையாலையில் பணியாற்றிய இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். அதன்பின் நடந்த போராட்டத்தின் பயனாக, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தாயிற்று. பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கமும், ஆலை நிர்வாகமும், வெளிநாட்டு ஆடை நிறுவனமும் அதில் இணைந்தன. பணியிடத்தில் பெண்கள்மீதான வன்முறையைத் தடுப்பதும், தொழிலாளரே அதைக் கண்காணிப்பதும் அதன் சாரம்.

இனி, மன்னிப்பைப் பற்றி ஒரு சொல். அக்ரம் கானின் ஜிசெல்லும் மன்னிக்கிறாள். பழிக்குப் பழி என்னும் சுழலை அறுக்கிறாள். ஆயினும் மதில் இடிந்துவிடவில்லை. உயிர்பிழைத்த ஆல்பிரெக்ட் அதன் முன்னே தனியனாய் நிற்கிறான். ஒப்புரவு அருட்சாதனத்தில் மனத்துயரும் அறிக்கையும் போலவே பரிகாரமும் இன்றியமையாதது என்பதை நாம் சிறுவயதிலேயே கற்றவர்கள். மன்னிக்கும் உரிமை காயப்பட்டவளுக்கே உரியது. அவளை விரைவுபடுத்த எவருக்கும் உரிமையில்லை. மதிலை இடிக்கும் கடமையோ அதை எழுப்பியவர்களுக்கும், அதன் நிழலில் நெய்த ஆடையை உடுத்தி மகிழும் நமக்கும் உரியது அன்றோ?