யாழ்ப்பாணப் புகையிலையும் மார்கழி மழையும்

போர்த்துக்கேயர் வழியாக ஆசியாவுக்கு வந்த புகையிலை, ஒல்லாந்தர் ஆட்சியில் (1658–1795) யாழ்ப்பாணத்தின் முக்கிய ஏற்றுமதிப் பயிர்களுள் ஒன்றாயிற்று. வெற்றிலையோடு மெல்லும் அந்தப் புகையிலைக்குத் திருவிதாங்கூரில் பெருங்கிராக்கி இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே அதன் விற்பனை அரசின் தனியுரிமையாக இருந்தது. ஆகவே நம்மவரின் வியர்வைக்கு விலை அக்கரையில் நிர்ணயமாயிற்று.

இக்கரையில் தோட்டக்காரன் அஞ்சியது மழைக்கு. இளங்கன்றின் அடியில் வெள்ளம் நின்றால் வேர் அழுகும். முற்றிய இலையில் மழை விழுந்தால் பசையும் காரமும் கழுவுண்டு போகும்.

எழுபதுகளின் இறுதியில் ஒரு மார்கழி. வீட்டோடு ஒட்டிய தோட்டத்தில் ஐயா நட்ட கன்றுகள் ஒரே இரவில் வெள்ளத்தில் மூழ்கின. "மழையோட கோவிச்சு என்ன செய்யிறது? நாத்து மிச்சம் கிடக்கோ பார்" என்றார். வாய்க்கால் வெட்டி, நீரை வடியவிட்டு, மீண்டும் நட்டார். பின்னர் தலை கிள்ளி, பக்கத் தளிர் முறித்து, குடிலில் பொச்சும் ஊமலும் எரித்துப் புகை போட்டார். விளைச்சல் பாதிதான். அக்காவின் படிப்புச் செலவுக்கு அது போதுமாயிருந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தது. அன்றும் நாற்றுமேடைக்குத் தண்ணீர் தெளித்த பின்னரே ஐயா படலையைச் சாத்தினார்.

புகையிலை உயிர் குடிக்கும் என்பதை அறிவேன். அப்பயிர் குறைவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், எங்கள் வீட்டுப் படிப்பில் அதன் புகைவாடை உண்டு என்பதை மறைப்பது நேர்மையன்று.