கிராண்ட் கேன்யன்: எந்த முனையில் நிற்பது?

அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் 446 கி.மீ. நீளம், ஆழம் 1.6 கி.மீ.க்கும் மேல். தெற்கு விளிம்பில் மட்டுமே காட்சி முனைகள் ஏராளம். முதல் முறை அம்மாவை அழைத்துப்போனபோது, மாதர் முனையில் தொடங்கி எல்லாவற்றையும் பார்த்துவிட ஓடினேன். "இவ்வளவையும் அறுத்த ஆறு எங்கேப்பா?" என்றார். காட்டத் தெரியவில்லை. மறுவாரம் ஊர் திரும்பிவிட்டார்.

அடுத்த முறை தனியாகப் போய்த்தான் கண்டுகொண்டேன். ஒரே நாள் என்றால் மூன்று இடங்கள் போதும். கொலராடோ ஆறு வளைந்தோடுவதைப் பார்க்க, கிழக்கே டெசர்ட் வியூ சாலையில் லிபான் முனை. சொந்தக் காரிலேயே போகலாம். அதே சாலைக் கோடியில் மேரி கோல்ட்டர் வடிவமைத்த கற்கோபுரம் (1932). அஸ்தமனத்துக்கு மேற்கே ஹோப்பி முனை. மார்ச் முதல் நவம்பர் வரை அங்கே பூங்காவின் இலவசப் பேருந்துதான். திரும்பும்போது வரிசை நீளும். கடைசிப் பேருந்து எப்போது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.