சொற்போர் அரங்கு: திருப்பெரும்புதூரிலிருந்து தண்டலம் வரை

சொற்போர் அரங்கு என்பது ஒரு பொருளைப் பற்றி மாறுபட்ட கருத்துடையோர் விதிகளுக்கு உட்பட்டுப் பேசி, நடுவர் அல்லது அவையோர் முன் முடிவு காணும் இடமாகும். தமிழில் இது பட்டிமண்டபம், வாதம், சொற்போர், விவாதம், பட்டிமன்றம் எனக் காலந்தோறும் பல பெயர்களைப் பெற்றுள்ளது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் (ஸ்ரீபெரும்புதூர்) இன்று இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் ஆகியவற்றோடு சேர்த்து வாகன, மின்னணுத் தொழிற்சாலைகளின் பெயரால் அறியப்படுகிறது. ஆனால், வாதத்தில் வல்லவராக அறியப்பட்ட இராமானுசர் பிறந்த ஊர் இது. இவ்வூருக்கு அருகே, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள தண்டலத்தில் பொறியியல் கல்லூரி நடத்தும் ஒரு கல்விக் குழுமமே, உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியை இந்தியாவில் முதன்முதலாக ஏற்று நடத்தியது. இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. இக்காலத்தில் பேசும் மொழியும் தலைப்புகளும் மாறின. அவற்றைவிடப் பெரிய மாற்றம், வாதத்தில் தோற்றவருக்கு என்ன நேர்ந்தது என்பதில் ஏற்பட்டது. அந்த மாற்றத்தில் அரங்கை அமைத்து நடத்துவோருக்குப் பெரும் பங்கு உண்டு.

பட்டிமண்டபமும் முன்னறிவிப்பும்

பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் வருகிறது. மணிமேகலையின் விழாவறை காதையில், புகார் நகரில் 28 நாள் நடக்கும் இந்திரவிழாவைப் பற்றி முரசறைந்து அறிவிக்கிறார்கள். தத்தம் சமயப் பொருளை வாதிட வல்லவர்கள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறலாம் என்பது அந்த அறிவிப்பின் ஒரு பகுதி. அதை அடுத்து, பகைவரிடத்தும் சினமும் கலகமும் கொள்ளாமல் விலகிச் செல்ல வேண்டும் என்றும் அறிவிக்கப்படுகிறது. அழைப்பையும் ஒழுங்கு விதியையும் நகரமே சேர்த்து வெளியிட்டது என்பது இங்குக் கவனிக்கத் தக்கது. வாதிடுவோரை அழைத்தவரே அமைதிக்கும் பொறுப்பேற்றார்.

வாதத்தின் விதிகள்

பண்டைய இந்தியாவில் வாதத்துக்கு விரிவான இலக்கணம் இருந்தது. கௌதமர் இயற்றிய நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறியும் நோக்கத்தோடு நடப்பது வாதம். வெற்றியை மட்டும் கருதி நடப்பது சற்பம். தனக்கென ஒரு கொள்கையை நிறுவாமல் எதிராளியின் கொள்கையை உடைப்பதையே தொழிலாகக் கொண்டது விதண்டை. ‘விதண்டாவாதம்’ என்று இன்றும் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் சொல் இதிலிருந்து வந்ததே. ஒருவர் எந்தெந்த இடங்களில் தோற்றதாகக் கொள்ளப்படுவார் என்பதையும் அந்நூல் 22 வகையாகக் கூறுகிறது. இவை ‘நிக்கிரகத்தானம்’ எனப்படும்.

இக்கல்வி காஞ்சிபுரம் வட்டாரத்தோடு தொடர்புடையது. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சி நகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் (மேற்கோள், காரணம், எடுத்துக்காட்டு) என்ற உறுப்புகளையும் அவற்றில் நேரும் போலிகளையும் அக்காதை வரிசைப்படுத்துகிறது. காரணம் போலத் தோன்றிக் காரணமாகாததை ஏதுப்போலி என்று பிரித்தறியும் பயிற்சி, இன்றைய விவாத மாணவருக்கும் முதற்பாடமாகவே உள்ளது.

தோற்றவர் கொடுத்த விலை

பழைய வாதங்களில் பேசியவர் தம் சொந்த நம்பிக்கையையே பேசினார். ஆகவே தோல்வி என்பது வாழ்க்கையையே மாற்றுவதாக இருந்தது. பௌத்த மரபில் வரும் குண்டலகேசி, ஊர் வாயிலில் மணலைக் குவித்து அதில் நாவல் கிளையை நட்டு, வாதுக்கு அழைப்பு விடுத்தவர். சாரிபுத்தரிடம் தோற்றபின் அவர் பௌத்தத் துறவியானார். தமிழ்ச் சமணக் காப்பியமான நீலகேசி, பிற சமயத்தாரோடு அடுத்தடுத்து நடக்கும் வாதங்களையே கதையாகக் கொண்டது.

தோல்வியின் விலை இதைவிடக் கடுமையாகவும் சொல்லப்பட்டுள்ளது. திருஞானசம்பந்தருடன் மதுரையில் அனல் வாதத்திலும் புனல் வாதத்திலும் தோற்ற சமணர் கழுவேறினர் என்று பெரியபுராணம் கூறுகிறது. இது வரலாற்று நிகழ்ச்சியா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனினும் அரசன் அவையில் வாதத்தில் தோற்றால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்ற எண்ணம் அக்கால மக்களிடம் இருந்ததை இக்கதை காட்டுகிறது.

இராமானுசரும் யக்ஞமூர்த்தியும்

இராமானுசர் 1017இல் திருப்பெரும்புதூரில் பிறந்தார் என்பது வைணவ மரபு. காஞ்சிக்கு அருகில் உள்ள திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். உபநிடதத் தொடர்களுக்குப் பொருள் கொள்வதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் கருத்து வேறுபாடு தோன்றியது. ஆசிரியர் மாணவரைக் கொல்லவே திட்டமிட்டார் என்றும், பிற்காலத்தில் அவரே இராமானுசரின் சீடரானார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன.

அந்நூல்கள் விரிவாகச் சொல்லும் மற்றொரு நிகழ்ச்சி, திருவரங்கத்தில் நடந்த யக்ஞமூர்த்தி வாதம். யக்ஞமூர்த்தி அத்வைத அறிஞர். நூல்களோடும் சீடர்களோடும் வந்து இராமானுசரை வாதுக்கு அழைத்தார். தாம் தோற்றால் இராமானுசரின் பெயரைத் தாங்கி அவருடைய பாதுகைகளைச் சுமப்பதாக அவர் கூறினார். தாம் தோற்றால் இனி நூலைத் தொடுவதில்லை என்று இராமானுசர் கூறினார். 17 நாள் வாதம் நடந்தும் முடிவு ஏற்படவில்லை. இராமானுசர் மனம் தளர்ந்து காஞ்சிப் பேரருளாளனை வேண்டினார். மறுநாள் அவர் அரங்குக்கு வந்த பொலிவைக் கண்டே யக்ஞமூர்த்தி பணிந்தார் என்பது மரபு.

வாதம் முடிந்தபின் நடந்தது இன்னும் முக்கியமானது. தோற்றவருக்கு ‘அருளாளப் பெருமாள் எம்பெருமானார்’ என்ற பெயரை இராமானுசர் சூட்டினார். எம்பெருமானார் என்பது இராமானுசருக்கே உரிய பெயர். தனி மடமும் அவருக்கு அமைத்துத் தரப்பட்டது. ஒருநாள் வெளியூரார் சிலர் எம்பெருமானார் மடம் எது என்று கேட்க, எந்த எம்பெருமானார் மடம் என்று ஊரார் திருப்பிக் கேட்டனர். இதை அறிந்த அவர், ஆசிரியருக்கு நிகராகத் தம் பெயர் வழங்குவதற்கு வருந்தி, தம் மடத்தை நீக்கிவிட்டு இராமானுசரிடமே வந்து சேர்ந்தார். ஞானசாரம், பிரமேயசாரம் என்னும் தமிழ் நூல்கள் அவர் இயற்றியவை. தோற்றவரின் கல்வியை வீணாக்காமல் காத்த வாதம் இது.

கல்லூரி மேடைக்கு வந்த சொற்போர்

20ஆம் நூற்றாண்டில் சொற்போர் மடங்களிலிருந்தும் அரசவையிலிருந்தும் கல்லூரி மண்டபத்துக்கு இடம் மாறியது. இதற்குச் சிறந்த சான்று, 1943 பிப்ரவரி 9 அன்று சென்னை சட்டக் கல்லூரியில் நடந்த சொற்போர். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்ற தரப்பில் சி. என். அண்ணாதுரையும், கூடாது என்ற தரப்பில் ரா. பி. சேதுப்பிள்ளையும் பேசினர். அடுத்த மாதம் சேலத்தில் அண்ணாதுரையும் சோமசுந்தர பாரதியாரும் இதே பொருளில் மோதினர். இச்சொற்போர்கள் ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் நூலாக வெளிவந்தன.

நூலைக் கொளுத்துவது பற்றிய வாதம் என்பதால் உணர்ச்சி மிகுந்த சூழல் அது. ஆயினும் பேசியவர் எவரும் தம் கொள்கையையோ பெயரையோ இழக்கவில்லை. சேதுப்பிள்ளை 1955இல் சாகித்திய அகாதமியின் முதல் தமிழ்ப் பரிசைப் பெற்றார். அண்ணாதுரை 1967இல் மாநில முதலமைச்சரானார். மறுபுறம், சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம், இலக்கியப் பட்டிமண்டபங்களை மக்கள் விரும்பிக் கேட்கும் நிகழ்ச்சியாக வளர்த்தது.

தண்டலமும் 2014 உலகப் போட்டியும்

திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகளுக்கு இணையாகக் கல்லூரிகளும் வளர்ந்தன. பென்னலூரில் ஸ்ரீ வெங்கடேசுவரா பொறியியல் கல்லூரி 1985இலும், தண்டலத்தில் இராஜலட்சுமி பொறியியல் கல்லூரி 1997இலும் தொடங்கப்பட்டன. இளைஞர் மேம்பாட்டுக்கான இராசீவ் காந்தி தேசிய நிறுவனமும் திருப்பெரும்புதூரில் உள்ளது.

உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி 1981இல் இசுக்காட்லாந்தின் கிளாசுகோவில் தொடங்கியது. அதன் 34ஆவது போட்டியை இராஜலட்சுமி கல்விக் குழுமம் ஏற்று நடத்தியது. 2013 டிசம்பர் இறுதியில் தொடங்கி 2014 சனவரி தொடக்கத்தில் முடிந்த இப்போட்டியில் ஆர்வர்டு பல்கலைக்கழக அணி வென்றது. இவ்வுலகப் போட்டியில் பொதுப் பிரிவோடு, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகவோ அயல்மொழியாகவோ கற்றவர்களுக்குத் தனிப் பிரிவுகளும் உண்டு. மொழிப் பழக்கம் குறைவு என்பதால் மட்டும் நல்ல வாதம் தோற்றுவிடக்கூடாது என்பதே இதன் நோக்கம். தமிழ்வழியில் படித்து வரும் மாணவருக்கு இது பயனுள்ள ஏற்பாடு.

ஒரு வாரயிறுதிப் போட்டியின் அமைப்பு

இவ்வகைப் போட்டியில் ஓர் அரங்கில் நான்கு அணிகள் மோதும். இரண்டு அணிகள் தலைப்பை ஆதரித்தும் இரண்டு எதிர்த்தும் பேசும். அணிக்கு இருவர், ஒவ்வொருவருக்கும் 7 நிமிடம். தலைப்பு 15 நிமிடத்துக்கு முன்புதான் அறிவிக்கப்படும். பேச்சின் முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் தவிர, மற்ற நேரத்தில் எதிரணியினர் எழுந்து இடைவினா கேட்கலாம். முதல் அணிக்கு 3, அடுத்தவற்றுக்கு 2, 1, 0 எனப் புள்ளிகள் வழங்கப்படும்.

ஒரு கல்லூரி சனி, ஞாயிறு இரு நாளில் 32 அணிகளுக்குப் போட்டி நடத்துவதாகக் கொள்வோம். பேச்சாளர் 64 பேர். ஒரு சுற்றுக்கு 8 வகுப்பறைகள் வேண்டும். அறைக்கு மூவர் வீதம் 24 நடுவர் தேவை. ஆயத்த நேரம் 15 நிமிடம், எட்டுப் பேச்சுகளுக்கு 56 நிமிடம், நடுவர் கலந்து பேசி முடிவை விளக்கும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். சனியன்று மூன்று சுற்றுகள், ஞாயிறன்று இரண்டு சுற்றுகள், பிறகு 8 அணிகளுக்கு அரையிறுதி, 4 அணிகளுக்கு இறுதிச் சுற்று என்று திட்டமிடலாம். ஒரு சுற்று அரை மணி நேரம் தாமதமானாலும், ஞாயிறு இரவு ஊர் திரும்ப வேண்டிய மாணவர் பேருந்தைத் தவறவிட நேரும். எனவே நேரக் காப்பாளரின் மணி, புள்ளிகளைத் தொகுப்போரின் கவனம், உணவு, தங்குமிடம், நடுவரின் பயணச் செலவு ஆகிய அனைத்தும் போட்டியின் நேர்மையோடு தொடர்புடையவை. பசித்த நடுவரும் களைத்த பேச்சாளரும் உள்ள அரங்கில் நல்ல வாதம் தோற்றுப்போக வாய்ப்பு உண்டு.

தோல்வியின் புதிய பொருள்

இன்றைய போட்டியில் எந்தப் பக்கம் பேசுவது என்பதை மாணவர் தெரிவு செய்வதில்லை. அது ஒதுக்கித் தரப்படுகிறது. நம்பாததையும் பேசப் பழக்குவது விதண்டாவாதத்தை வளர்க்கும் என்ற குறை இதன்மேல் சொல்லப்படுகிறது. இக்குறையை எளிதில் தள்ளிவிட முடியாது. காரணம் காட்டாத சொல்லழகுக்கு நடுவர் பரிசு தந்தால் அது உண்மையாகிவிடும். ஆனால் மறுபக்கத்தின் சிறந்த காரணத்தைத் தானே தேடிச் சொல்ல நேரும் மாணவர், அடுத்த முறை அப்பக்கத்தாரை எளிதில் இகழமாட்டார்.

தோற்ற அணி இன்று பெயரையோ சமயத்தையோ இழப்பதில்லை. ஏன் தோற்றோம் என்ற விளக்கத்தை நடுவரிடம் கேட்டுப் பெறுகிறது. அந்த விளக்கம் பணிவாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். மாணவர் பாதுகாப்பாக வீடு சேர வேண்டும். அடுத்த ஆண்டும் வர வேண்டும் என்ற விருப்பம் அவருக்கு இருக்க வேண்டும். இவை மூன்றும் விருந்தோம்பும் கல்லூரியின் கடமைகள். புகார் நகரின் முரசறிவிப்பும் திருவரங்கத்தில் தோற்ற அறிஞருக்குக் கிடைத்த மதிப்பும் உணர்த்துவது இதையே. கோப்பையை வென்ற ஓர் அணியைக் கொண்டு அல்ல, வெறுங்கையோடு திரும்பும் மற்ற அணிகள் கற்றுச் செல்வதைக் கொண்டே ஒரு சொற்போர் அரங்கின் தரம் அளக்கப்பட வேண்டும்.