வெள்ளம் வடிந்த பின் ஸ்ரீவைகுண்டம்

பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலொடு கலக்கும் தாமிரபரணி, தன் வழியில் எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து செல்கின்றது. அவற்றுள் ஏழு, ஆங்கிலேயர் வருகைக்கு முற்பட்டவை. எட்டாவதும் கடைசியுமான ஸ்ரீவைகுண்டம் அணை மட்டும் 1873-ஆம் ஆண்டளவில் எழுந்தது. இதற்கும், இதற்கு மேலுள்ள மருதூர் அணைக்கும் உரிய நான்கு கால்வாய்கள் 53 குளங்களை நிரப்பி, 46,000 ஏக்கருக்கு மேற்பட்ட நன்செயைப் பேணி வருகின்றன. வடகரையில் கள்ளபிரான் எழுந்தருளியுள்ள இவ்வூர், நவதிருப்பதிகளுள் ஒன்று. குமரகுருபர சுவாமிகள் அவதரித்த தலமும் இதுவே. ஊரின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையமோ ஆற்றுக்குத் தென்புறம், புதுக்குடியை அடுத்து நிற்கின்றது. ஊர் ஒரு கரையிலும் நிலையம் மறு கரையிலுமாக அமைந்த இந்நிலையின் பொருள், 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் எல்லோருக்கும் விளங்கிற்று.

அம்மாதம் 18-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 946 மில்லிமீட்டர். திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடிச் சீமைக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் மழையே ஏறத்தாழ இவ்வளவுதான். இதற்கு முன் 1992 நவம்பரிலும் இந்நதி பெருவெள்ளம் கண்டதுண்டு. அப்போது மழை கொட்டியது மாஞ்சோலை மலைமேலுள்ள காக்காச்சியில். அங்கே ஒரே நாளில் 965 மில்லிமீட்டர். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவே. ஆயினும் மலையில் விழுந்த நீர் அணைகளுக்கு மேலே விழுந்தது. அணைக்கு வந்து, அதன் பின்னரே ஆற்றில் இறங்கவேண்டும். 2023-இல் அணைகளிலிருந்து திறந்துவிட்ட நீர் ஒருபுறம் வர, சமவெளியில் விழுந்த மழையைத் தடுக்க இடையில் எதுவுமே இல்லை. குளங்கள் நிரம்பி மறுகால் பாய்ந்தன. மறுகாலும் போதாதபோது கரைகள் பல உடைந்தன. பழி முழுவதையும் அணைகளின்மேல் சுமத்துவோர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

17-ஆம் நாளிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை நோக்கிப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பெற்றது. அப்பால் செய்துங்கநல்லூர் வரையுள்ள பாதையில் சரளைக் கற்களை வெள்ளம் வாரிக்கொண்டு போயிருந்தது. தண்டவாளங்கள் சில இடங்களில் அந்தரத்திலே தொங்கின. வண்டியில் இருந்தோர் ஏறத்தாழ 800 பேர். சுமார் 300 பேரை அருகிலுள்ள பள்ளிக்கூடத்திற்குக் கொண்டு சேர்த்த அளவில் சாலையும் மூழ்கிற்று. எஞ்சியோர் சுற்றிலும் நீர் சூழ்ந்த நிலையத்திலேயே தங்க நேர்ந்தது. ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலங்களுடன் வந்துசேரும் முன்னரே அவர்களது பசியை ஆற்றியவர்கள் புதுக்குடி மக்கள். தம் வீடுகளிலும் நீர் புகுந்திருந்த வேளையில், கையிலிருந்த அரிசியையும் காய்கறியையும் ஊர்க் கோயிலில் சேர்த்து, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்து அளித்தனர். 19-ஆம் நாள் மீட்புப் படையினர் பயணிகளை வெளிக்கொணர்ந்து, வாஞ்சி மணியாச்சியிலிருந்து தனி வண்டியில் அனுப்பிவைத்தனர்.

பயணிகள் போய்ச் சேர்ந்தனர். ஊர்மக்களுக்கு அதன் பின்னரே வேலை தொடங்கிற்று. வெள்ளம் வடிந்த வயல்களில் பிசான நெல் அழுகிக் கிடந்தது. நெற்பயிராவது அடுத்த பருவத்தில் மீண்டும் நடக்கூடியது. வாழையின் நிலை வேறு. தண்ணீர் சில நாள் தேங்கினாலே வேர் அழுகிவிடும். மறுபடி கன்று வைத்தால் தார் வெட்ட ஓராண்டு ஆகும். அந்த ஓராண்டுக்கும் வட்டி நின்றுகொண்டிருப்பதில்லை. இவற்றைவிடக் கொடியது மணல். கரை உடைந்த இடங்களுக்குக் கீழேயிருந்த நிலங்களில் மணல் மேடிட்டது. வரப்பும் வாய்க்காலும் அதன் கீழே மறைந்தன. மணலை அள்ளி அகற்றினாலன்றி ஏர் பூட்ட இயலாது. அள்ளிய மணலைக் கொட்டவும் இடம் வேண்டும்.

மணல் இந்நதிக்குப் புதிதன்று. பாண்டியரின் துறைமுகமாகிய கொற்கை, நதி கொணர்ந்த வண்டலால் கடலைவிட்டு விலகி உள்நாட்டுச் சிற்றூராயிற்று. அதன்பின் சிறந்தது காயல். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வருணித்த அத்துறையும் அவ்வாறே தூர்ந்து போயிற்று. ஸ்ரீவைகுண்டம் அணையின் உட்புறமும் நெடுங்காலமாக மண்மேடிட்டு வந்தது. 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்ட பிறகே தூர்வாரும் பணி தொடங்கிற்று. கடல்துறைகளையே தூர்த்த நதி அணையை விட்டுவைக்கும் என்று எவர் எண்ணியிருந்தனரோ!

பழங்காலத்தார் அவ்வாறு எண்ணவில்லை என்பதற்குத் திருநெல்வேலிக் குறுக்குத்துறையே சான்று. ஆற்றின் நடுவே எழுப்பிய அச்சுப்பிரமணிய சுவாமி கோயிலின் முகப்பு, நீரைப் பிளக்கும் படகின் முனைபோல் அமைந்தது. வெள்ளம் வரும் அறிகுறி கண்டவுடன் உற்சவ மூர்த்தியும் உண்டியலும் கரைமேலுள்ள மேலக்கோயிலுக்குச் செல்லும். நீர் இறங்கிய பின் சேற்றைக் கழுவி, மீண்டும் பூசை நடத்துவர். 2023-இலும் அக்கோயில் மூழ்கி எழுந்தது.

1923-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதை, தன் நூறாவது ஆண்டில் இவ்வாறு அறுந்தது. சரளை கொட்டிச் செப்பனிட்டு, 2024 ஜனவரியில் வண்டிகள் மீண்டும் ஓடலாயின. அவ்வண்டியில் சென்றவர்கள், இருபுறமும் மணல் மூடிய வயல்களையும் சாய்ந்து கிடந்த வாழைகளையும் சன்னல் வழியே கண்டனர். உடைந்த குளக்கரைகளின் ஓரங்களில் மண் மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன.