கட்சித் தலைகளிடமிருந்து வாக்காளரிடம்: அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வு மாறிய வரலாறு

அமெரிக்க அரசியல் சாசனத்தில் கட்சிகளைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அதிபர் தேர்தலில் ஒரு கட்சி யாரை நிறுத்துவது, அதை யார் முடிவு செய்வது என்பவையெல்லாம் கட்சிகளும் மாநிலச் சட்டமன்றங்களும் இருநூறு ஆண்டுகளாகத் தட்டுத்தடுமாறி உண்டாக்கிக்கொண்ட ஏற்பாடுகளே. வாக்காளர்களே வாக்களித்துக் கட்சி வேட்பாளரைத் தேரும், இன்று நடப்பிலுள்ள பிரைமரி முறையை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு வகுக்கவில்லை. 1969க்கும் 1972க்கும் இடையே ஜனநாயகக் கட்சி செய்த ஒரு சீர்திருத்தம், அதை வகுத்தவர்களே எதிர்பாராத திசையில் போனதால் விளைந்தது அது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் வேட்பாளரைத் தேர்ந்தவர்கள் காங்கிரஸ் உறுப்பினர்கள். 1824இல் வில்லியம் கிராஃபர்டைத் தேர்ந்த கூட்டத்துக்கு 261 உறுப்பினர்களில் 66 பேரே வந்தார்கள். தேர்வாளர் குழு வாக்குகளில் கிராஃபர்டுக்கு மூன்றாமிடம்தான் கிடைத்தது. அத்தோடு அந்த வழக்கம் முடிந்தது. 1830களிலிருந்து தேசிய மாநாடுகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. ஆனால் மாநாட்டுக்கு வரும் பிரதிநிதிகளைப் பொறுக்கி அனுப்பியவர்கள் உள்ளூர்க் கட்சித் தலைகளே.

இதை உடைக்க முயன்ற முன்னோடிகளில் ஒருவர் விஸ்கான்சின் மாநிலத்து ராபர்ட் லா ஃபாலெட். 1904 குடியரசுக் கட்சி மாநாட்டில் அவருடைய அணியினருக்கு இடம் மறுக்கப்பட்டது. மறு ஆண்டே, மாநாட்டுப் பிரதிநிதிகளை வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சட்டம் விஸ்கான்சினில் வந்தது. 1912க்குள் பன்னிரண்டு, பதின்மூன்று மாநிலங்கள் இவ்வழிக்கு வந்துவிட்டன. அவற்றில் ஒன்பதில் தியோடர் ரூஸ்வெல்ட் வென்றார். பதவியிலிருந்த அதிபர் டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹாயோவும் அதில் அடக்கம். ஆனாலும் சிகாகோ மாநாட்டில் தகராறுக்குள்ளான 254 இடங்களில் 235 டாஃப்ட் பக்கமே தீர்ப்பாயின. ரூஸ்வெல்ட் தனிக்கட்சி கண்டார், வாக்குகள் பிரிந்தன, ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் அதிபரானார்.

பிரைமரி என்றாலே ஜனநாயகம் என்று எண்ணிவிடவும் கூடாது. தென் மாநிலங்களில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்றிருந்தது. அங்கே அந்தக் கட்சிக்கு எதிராளியே கிடையாது என்பதால், கறுப்பின மக்களுக்கு உண்மையான தேர்தல் வாசலே அடைபட்டிருந்தது. டெக்சாஸிலிருந்து வந்த வழக்கில் 1944இல்தான் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. யாருக்கு வாக்கு உண்டு என்பது தீராமல் வாக்குப்பெட்டியை மட்டும் வைத்துப் பயனில்லை.

நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பிரைமரி வெறும் பலப்பரீட்சையாகவே இருந்தது. 1952இல் ஜனநாயகக் கட்சியின் எஸ்டெஸ் கீஃபாவர் பெரும்பாலான பிரைமரிகளில் வென்றும் மாநாடு அட்லாய் ஸ்டீவன்சனைத்தான் நிறுத்தியது.

பொறுமை உடைந்தது 1968இல். வியட்நாம் போரை எதிர்த்துக் களமிறங்கிய யூஜீன் மெக்கார்த்தி, நியூ ஹாம்ப்ஷயரில் 42 சதவீத வாக்குகள் வாங்கி அதிபர் ஜான்சனை அதிரவைத்தார். மார்ச் இறுதியில் ஜான்சன் போட்டியிலிருந்து ஒதுங்கினார். ஜூனில், களத்திலிருந்த இன்னொரு வேட்பாளர் ராபர்ட் கென்னடி கொல்லப்பட்டார். ஜனநாயகக் கட்சியின் ஆகஸ்ட் மாநாட்டில் வேட்பாளரானவரோ, ஒரு பிரைமரியில்கூட நிற்காத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. பென்சில்வேனியாவில் மெக்கார்த்திக்கு 70 சதவீதத்துக்கு மேல் வாக்கு விழுந்திருந்தும், அம்மாநிலப் பிரதிநிதிகளில் மிகப் பெரும்பாலோர் ஹம்ஃப்ரிக்கே கைதூக்கினார்கள். மண்டபத்துக்கு வெளியே சிகாகோ போலீஸ் இளைஞர்களை அடித்து நொறுக்கியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

கொந்தளிப்பை ஆற்ற அமைக்கப்பட்ட ஆணையத்துக்கு முதலில் செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன், பிறகு டொனால்டு ஃபிரேசர் தலைமை வகித்தார்கள். அது கண்டறிந்தவற்றை இன்று படித்தாலும் மனம் பதைக்கிறது. பிரதிநிதிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், தேர்தல் ஆண்டு பிறக்கும் முன்பே ஏறத்தாழ முடிவாகிவிட்டிருந்தனர். குறைந்தது இருபது மாநிலங்களில் உருப்படியான எழுத்து விதியே இல்லை. மிசௌரியின் ஓர் ஊர்க்கூட்டத்தில் கட்சிப் பொறுப்பாளர் ஒருவரே 492 பதிலாள் வாக்குகளைப் போட்டிருந்தார். போர் வேண்டாமென்று வீடுவீடாகப் போய் ஆதரவு திரட்டிய இளைஞர்களின் உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

ஆணையம் 18 நெறிமுறைகளை வகுத்தது. கூட்டம் நடக்கும் நாளும் இடமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். பதிலாள் வாக்கு கூடாது. மாநிலக் குழுவின் பெரும்பான்மை சொல்வதற்கே எல்லோரும் வாக்களிக்க வேண்டுமென்ற விதி ஒழிய வேண்டும். பெண்கள், இளைஞர், சிறுபான்மையினர் மக்கள்தொகைக்கு ஏற்ற அளவில் இடம்பெற வேண்டும். பிரைமரி நடத்துங்கள் என்று ஆணையம் எங்கும் சொல்லவில்லை. திறந்த கூட்டங்களில் கட்சித் தொண்டர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பதையே அதன் உறுப்பினர் பலர் விரும்பினார்கள். ஆனால் இத்தனை விதிகளையும் ஊர்க்கூட்டங்களில் பின்பற்றுவது சிரமம், வழக்கு வரும் என்று அஞ்சிய மாநிலங்கள் பிரைமரிச் சட்டம் இயற்றுவதே சுலபம் என்று கண்டன. 1968இல் பதினைந்தையொட்டி இருந்த பிரைமரிகள் 1980இல் முப்பதைத் தாண்டின. தாங்கள் தடுக்க நினைத்ததையே விரைவுபடுத்திவிட்டோம் என்பதை ஆணைய உறுப்பினரும் அரசியலறிஞருமான ஆஸ்டின் ரேனி பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

பலன் இல்லாமலில்லை. மாநாட்டில் பெண்களின் பங்கு 13 சதவீதத்திலிருந்து 1972இல் 40 சதவீதமானது. சிகாகோ மேயர் டேலியின் 59 பிரதிநிதிகள், வாக்காளர்களால் தேர்வானவர்களாக இருந்தும், விதிகளை மீறித் தயாரான பட்டியல் என்று வெளியேற்றப்பட்டார்கள். கட்சியின் தேசிய விதியே மேலானது என்று 1975இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 1972 நவம்பரில், கட்சியின் வேட்பாளராக நின்ற மெக்கவர்ன் 49 மாநிலங்களைத் தோற்றதும் பழி சீர்திருத்தத்தின் மேல் விழுந்தது. அந்தப் பழியை நான் ஏற்கவில்லை. பதவியிலிருந்த நிக்சனை அந்த ஆண்டில் வீழ்த்துவது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது.

உண்மையான கோளாறு, எந்த மாநிலம் எப்போது வாக்களிக்கிறது என்ற நாட்காட்டியில் இருக்கிறது. 1976இல் முதலில் வாக்களித்த அயோவாவில் யாரையும் சாராதோர் முதலிடத்திலும், ஜிம்மி கார்ட்டர் சுமார் 28 சதவீதத்தோடு அடுத்த இடத்திலும் வந்தனர். அதுவே அவரை முன்னணி வேட்பாளராக்கியது. அன்றுமுதல் பல மாநிலங்கள் முன்வரிசைக்கு முண்டியடிக்கின்றன. நியூ ஹாம்ப்ஷயர் முதலிடம் தனக்கே என்று சட்டமே போட்டு வைத்திருக்கிறது. கடைசியில் வாக்களிக்கும் மாநிலங்களுக்குப் பெரும்பாலும் முடிந்துபோன போட்டியே மிஞ்சுகிறது.

இதற்கு வந்த பரிகாரங்கள் வேறெங்கோ மருந்து தடவின. தலைவர்களை மீண்டும் உள்ளே கொண்டுவர ஜனநாயகக் கட்சியில் 1984இல் சூப்பர் பிரதிநிதிகள், அதாவது பதவியின் பேரில் இடம்பெறும் பிரதிநிதிகள், நுழைக்கப்பட்டார்கள். 2016இல் கிளம்பிய எதிர்ப்பால், போட்டியுள்ள மாநாட்டின் முதல் சுற்றில் அவர்களுக்கு வாக்கில்லை என்று 2018இல் முடிவானது. குடியரசுக் கட்சியிலோ, வென்றவருக்கே அத்தனையும் என்ற விதிப்படி 2016இல் தென் கரோலினாவில் சுமார் 32 சதவீத வாக்கு பெற்ற டிரம்புக்கு 50 பிரதிநிதிகளும் போயினர். மூன்றில் இரண்டு பங்கினர் வேறு ஆட்களைக் கேட்டிருந்தார்கள்.

விருப்ப வரிசையில் வாக்களிக்கும் முறையை 2020இல் அலாஸ்கா, ஹவாய், கன்சாஸ், வயோமிங் மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி கையாண்டது. சிதறும் வாக்குக்கு அது நல்ல மருந்து. நாட்காட்டிக்கோ, நாட்டை நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, முதலில் வாக்களிக்கும் முறையை அவற்றுக்குள் சுழற்றும் திட்டத்தை மாநிலச் செயலர்களின் தேசியச் சங்கம் 1999இலேயே முன்வைத்தது. இரு பெரிய கட்சிகளும் இதுவரை அதை ஏற்கவில்லை.