மருத்துவமனையே வீடான காலம்

மருத்துவம் பயில்பவருக்கு வேறு நாட்டம் கூடாது என்பது தொன்றுதொட்டு வந்த நியதி அல்ல. வியன்னாவில் 1881-இல் இரைப்பைப் புற்றை வெற்றிகரமாக வெட்டியெடுத்த தியோடர் பில்ரோத், மாலைகளில் வயோலா வாசித்தவர். இசையமைப்பாளர் பிராம்ஸ் தம் முதல் இரு நரம்பிசை நால்வர் படைப்புகளை அவருக்கே காணிக்கையாக்கினார். மாஸ்கோவில் எழுத்தாளர் செக்கோவ் மருத்துவம் படித்த 1879–1884 ஆண்டுகளில் பத்திரிகைகளுக்குக் கதையெழுதிக் குடும்பத்தைத் தாங்கினார். கெடுபிடி பின்னால் வந்தது. 1889-இல் திறந்த பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த அறுவைப் பயிற்சியில், இளம் மருத்துவர்கள் இரவு பகலாக அங்கேயே குடியிருந்தார்கள். திருமணம் கூடத் தள்ளிப்போடப்பட்டது. அதே ஹால்ஸ்டெட் வட கரோலினா மலைப்பண்ணையில் நீண்ட கோடை விடுப்பெடுத்து டேலியாப் பூக்கள் வளர்த்தார் என்பதை மறக்கக்கூடாது. ஓய்வின் அருமை ஆசானுக்குத் தெரிந்தேயிருந்தது, மாணவருக்குத்தான் கிடைக்கவில்லை.

அன்று கற்க வேண்டியது குறைவு, இன்று அப்படியா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாடம் பெருகியது தூக்கத்தைப் பறிக்கக் காரணமாகாது. 1984-இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயதுப் பெண் இறந்தபின் பயிற்சி மருத்துவர்களின் அயர்ச்சி பொதுவிவாதமானது. 1989-இல் நியூயார்க் மாநிலமும், 2003-இல் அமெரிக்கா முழுவதும் வாரத்துக்கு 80 மணி நேர வேலை வரம்பை ஏற்றுக்கொண்டன. நேரம் குறைந்தால் நோயாளி கைமாறும்போது தகவல் தவறும் என்கிறார்கள். தவறும்தான், அதற்குச் சீராக்க வேண்டியது ஒப்படைப்பு முறையை. வாரத்துக்கு 80 மணி நேரம் என்பதும் வயோலாவுக்கு அதிக இடம் விடவில்லை.