சியன்தாங் ஓதம்

கிழக்குச் சீனாவில் ஹாங்சோ நகரை ஒட்டிக் கடலில் சேரும் சியன்தாங் ஆற்றில், கடலேற்றத்தின்போது ஓட்டத்துக்கு எதிராக மேலேறி வரும் நீர்ச்சுவர். உலகின் ஓதப் பேரலைகளில் மிகப் பெரியதாகப் பொதுவாகக் கருதப்படுவது. ஹூக்ளியில் வங்காளிகள் ‘பான்’ என்பதும், அமேசான் கரையில் ‘பொரொரோக்கா’ எனப்படுவதும் இதே இனம். ஹாங்சோ விரிகுடாவின் வாய் ஏறத்தாழ 100 கி.மீ. அகலம், உள்ளே சுமார் 20 கி.மீ. ஆகக் குறுகுகிறது. அதற்கும் மேலே ஆற்றில் மணல்திட்டு. ஏறிவரும் நீருக்கு ஒதுங்க இடமில்லை, நிமிர்ந்து எழுகிறது. உயரம் 9 மீட்டர் என எழுதும் நூல்கள் உண்டு. வழக்கமான அலை அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

சீன எழுத்தில் நீரைக் குறிக்கும் மூன்று துளிகளுக்கு அருகே ‘காலை’ நின்றால் அது ‘சாவ்’, காலை ஓதம். ‘மாலை’ நின்றால் ‘சீ’, மாலை ஓதம். நாளடைவில் சாவ் பொதுப்பெயராயிற்று. இரண்டும் சேர்ந்த ‘சாவ்சீ’ அறிவியல் நூல்களின் வழக்கு.

தொன்மைக்கதை ஓதத்தை வூ சீசூவின் சினம் என்கிறது. வூ நாட்டு அமைச்சரான அவர் கி.மு. 484இல் அரசன் ஃபூசாயின் கட்டளைப்படி தற்கொலை செய்துகொள்ள, உடலைத் தோல்பையில் கட்டி ஆற்றில் எறிந்தார்களாம். கி.பி. முதல் நூற்றாண்டில் வாங் சுங் இதை மறுத்தார். கவிஞர் சூ யுவானும் ஆற்றில் விழுந்து இறந்தவர்தானே, அந்த ஆறு ஏன் பொங்கவில்லை என்று கேட்டார். ஓதம் நிலவின் வளர்பிறை தேய்பிறையைப் பின்பற்றுகிறது, ஆறு குறுகி ஆழம் குறைவதால்தான் கொந்தளிக்கிறது என்றும் எழுதினார். இன்றைய விளக்கத்திலிருந்து இது வெகுதூரத்தில் இல்லை.

அவருக்கு முன்பே, கி.மு. 2ஆம் நூற்றாண்டில், மெய் செங் ஒரு பேரலையை வருணித்திருக்கிறார். அது இந்த ஆற்றினதா, யாங்சி கரையின் யாங்சோவினதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. டாங் காலத்தில் டோ ஷூமெங் ஓதக் கணக்கை ஆராய்ந்தார். 910இல் சியன் லியூ அரசர் மூங்கில் கூடைகளில் கல் நிரப்பிக் கடற்சுவர் எழுப்பினார்; வில்லாளிகளை நிறுத்தி அலையின்மேல் அம்பெய்யச் செய்தார் என்பது கதை. 970இல் எழுந்த லியூஹே கோபுரமும் ஓதத்தை அடக்கக் கட்டியதென்பர்.

சோங் காலத்துக்குத்தான் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. 1056இல் லூ சாங்மிங் ஓத நேரங்களைப் பருவவாரியாக அட்டவணையிட்டார். இளவேனிலுக்கும் இலையுதிர் காலத்துக்கும் பொதுவாக ஒரு பட்டியல், கோடைக்கும் குளிருக்கும் தனித்தனியே. உலகின் முதல் ஓத அட்டவணை இதுவே என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. எனினும் லண்டன் பாலத்துக்கான பட்டியல் 13ஆம் நூற்றாண்டினது. 1088 அளவில் ஷென் குவோ, நிலவு உச்சிக்கு வருவதோடு ஓத நேரத்தைப் பொருத்திக் காட்டினார்.

படித்தவர்கள் கணக்குப் போட, ஊர் திருவிழா கொண்டாடியது. எட்டாம் சாந்திரமாதத்தின் 18ஆம் நாள் கரை நிரம்பிவிடும். ஹாங்சோ தென்சோங் அரசின் தலைநகரான பின், கடற்படை புகைக்குண்டு வீசி ஒத்திகை பார்த்தது. உடலில் பச்சை குத்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்ட நீச்சல்காரர்கள் நூற்றுக்கணக்கில் வண்ணக்கொடிகளோடு அலைக்கு எதிரே பாய்ந்தார்கள். கொடிநுனி நனையக்கூடாது, அதில்தான் கெட்டிக்காரத்தனம் என்று சோ மி பதிந்திருக்கிறார். அலையில் மூழ்கிச் செத்தவர்களும் உண்டு. அதனால் தென்சோங்குக்கு முன்பே, 1060களில், ஆளுநர் சாய் சியாங் ‘ஓத விளையாட்டு’க்குத் தடை விதித்தார், விளையாட்டு நிற்கவில்லை.

1276இல் மங்கோலியப் படை ஆற்று மணலில் கூடாரமடித்தபோது, ஓதம் வந்து வாரிக்கொண்டு போகும் என்று நகரத்தார் காத்திருந்தார்கள். மூன்று நாள் ஓதமே வரவில்லை என்கிறது அரசவரலாறு. காரணம் மணல் நகர்வா, எழுதியவரின் கைவண்ணமா என்பது விளங்கவில்லை.

மிங் காலத்துக் குறிப்புகள் பெரும்பாலும் கரையுடைப்பும் கரைகட்டுமே. பின்னர் ஆற்றின் போக்கு வடக்கே ஒதுங்க, வேடிக்கை பார்ப்போர் ஹாய்னிங்குக்கு நகர்ந்தனர். சியன்லோங் பேரரசர் கடற்சுவரைப் பார்வையிட நான்குமுறை அங்கே வந்தார். 1888இலும் 1892இலும் பிரித்தானிய அளவைக் கப்பல் ராம்ப்ளரில் வந்த மூர் ஓதத்தை அளந்தார். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கரையோர நிலமீட்பு ஆற்றுவாயை மேலும் நெருக்கியது. 2008இல் விரிகுடாவின் குறுக்கே 36 கி.மீ. பாலம் திறக்கப்பட்டது.